பாடுகிறவருக்கு ஒன்று, பாடாதவருக்கு இன்னொன்று

வேலைக்குப் போய்க்கொண்டே, முப்பதிலோ நாற்பதிலோ முதல்முறையாக ஒரு வாத்தியம் பழக நினைப்பவருக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: எது சுலபமோ அதை எடு. அந்தக் கணக்கில் யுகுலேலே ஜெயித்துவிடுகிறது. அக்கார்டியன் கனமானது, விலை கூடியது, கஷ்டமானது என்று ஓரங்கட்டப்படுகிறது. இரண்டு தீர்ப்பிலும் உண்மை உண்டு. ஆனால் சுலபம் என்பது முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கான அளவுகோல். வாத்தியமோ ஆயுள் முழுக்கக் கூட வரக்கூடியது. வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. வாங்குகிறவர் வாய்விட்டுப் பாடுவாரா, மாட்டாரா?

1879இல் மதேரா தீவிலிருந்து ‘ரேவன்ஸ்க்ராக்’ என்ற கப்பலில் போர்த்துகீசியக் குடும்பங்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய் வந்திறங்கின. தங்கள் ஊரின் சிறிய நான்கு தந்தி வாத்தியத்தை அவர்கள் உடன் கொண்டுவந்தார்கள். கப்பலில் வந்த மானுவல் நூனிஸ் உள்ளிட்ட மரவேலைக்காரர்கள் அதை யுகுலேலேவாக மாற்றி ஹவாயிலேயே செய்து விற்கத் தொடங்க, மன்னர் கலாகாவா அரண்மனை விருந்துகளில் அதற்கு இடம் கொடுத்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க அதற்கு மவுசு வந்தது.

மவுசுக்கு முக்கியக் காரணம் அதன் எளிமை. இன்று அதில் இருப்பவை நான்கே நைலான் தந்திகள். விரல் நுனியைக் கிட்டார் கம்பி போல அறுக்காது. ‘சி’ கார்டுக்கு ஒரே விரல் போதும்: முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் முடிந்தது. ‘ஏ மைனர்’ கார்டுக்கும் ஒரு விரல்தான். ‘எஃப்’ கார்டுக்கு இரண்டு, ‘ஜி செவன்’ கார்டுக்கு மூன்று. இந்த நான்கைக் கொண்டே எண்ணற்ற பாட்டுகளுக்குத் துணை வாசிக்கலாம். முதல் வாரத்திலேயே ஒருவர் தன் குரலோடு சேர்ந்து ஒரு முழுப் பாட்டை முடித்துவிட முடியும். இது சாதாரண விஷயம் அல்ல. வயது வந்த பிறகு கற்க வருகிறவர்கள் பாதியில் விடுவதற்குப் பெரிய காரணம், உழைப்புக்குப் பலன் கேட்க நெடுநாள் ஆவதுதான். கனடாவில் ஜே. சால்மர்ஸ் டோன் 1967 முதல் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளின் இசைக் கல்விப் பொறுப்பில் இருந்தபோது, யுகுலேலேவை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். வாசிக்கும்போது வாய் சும்மா இருப்பதால் பிள்ளைகளால் பாடிக்கொண்டே சுருதியும் தாளமும் கார்டும் ஒரே நேரத்தில் கற்க முடிந்தது. புல்லாங்குழல் வகையால் இதைக் கொடுக்க முடியாது.

இதன் குறை ஒலியில் இருக்கிறது. தட்டிய சுரம் ஓரிரு நொடியில் கரைந்துவிடும். வழக்கமான சுருதியமைப்பில், தாழ்ந்து ஒலிக்க வேண்டிய நான்காம் தந்தியும் உயர்ந்தே ஒலிப்பதால் மந்திர ஸ்தாயி என்பதே கிட்டத்தட்ட இல்லை. யுகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ 2006இல் இணையத்தில் பரவிய ஒரே வாசிப்பில், இந்தச் சின்னப் பெட்டியால் தனித்து நின்று மெட்டும் வாசிக்க முடியும் என்று காட்டினார். ஆனால் அவர் நான்கு வயதில் தொடங்கியவர். பாடாதவர் கையில் யுகுலேலே, நான்கு கார்டும் பழகி முடித்த இடத்தில், பாட்டில்லாத பக்கவாத்தியமாக நின்றுபோகிறது. ‘சுலபமானதை எடு’ என்று சொல்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

அக்கார்டியனின் நிலைமை நேர் எதிர். 1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் காப்புரிமை பெற்ற நாளிலிருந்தே அதன் அடிப்படை யோசனை, ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு முழு கார்டு ஒலிப்பது. இன்றைய முழு அளவு வாத்தியத்தில் இடது கைப் பக்கம் 120 பட்டன்கள், 20 வரிசைகளில் ஆறு ஆறாக இருக்கின்றன. வாசிப்பவர் அவற்றைப் பார்க்க முடியாது. ‘சி’ பட்டனில் ஒரு சின்னக் குழியோ பதித்த கல்லோ இருக்கும். விரலால் தடவி அதைக் கண்டுபிடித்து மற்றவற்றுக்கு வழி தேட வேண்டும். வரிசைகளின் ஒழுங்கோ அற்புதமானது. ஒரு பட்டனுக்கு மேலே அதன் பஞ்சமம், கீழே அதன் மத்யமம். எந்தச் சுருதியில் பாட்டு இருந்தாலும் அதற்கு மிகவும் தேவைப்படும் மூன்று கார்டுகள் அடுத்தடுத்தே கிடைக்கும். சுருதி மாறினால் இடது கை அதே விரல் அமைப்போடு நகர்ந்தால் போதும். யுகுலேலேவில் ‘ஈ’ கார்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உண்மையான கஷ்டம் துருத்தியில். பட்டன் தேடும் அதே இடது கைதான் துருத்தியையும் இழுத்துத் தள்ள வேண்டும். புதியவர்கள் காற்றுத் தீர்ந்த இடத்தில் திசை மாற்றுவார்கள். மெட்டு நடுவில் வெட்டுப்படும். பாட்டு மூச்சு விடும் இடத்தில் மாற்றப் பழகுவதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அது கைவந்தால் கிடைப்பது பெரிய பலன்: பிடித்த சுரத்தை விடாமலே அதைப் பெருக்கலாம், தேய்க்கலாம். பியானோவால் முடியாதது இது. மெட்டு, கார்டு, பேஸ் மூன்றும் ஒருவரிடமே இருப்பதால் வாய் திறக்காமலே ஒரு பாட்டை முழுதாகக் கேட்கவைக்கலாம்.

விலையும் எடையும் தள்ளிவிடக்கூடியவை அல்ல. முழு அளவு வாத்தியம் பத்துக் கிலோவைத் தாண்டும். தொடக்கத்துக்கு 48 பட்டன் உள்ளதே தோளுக்கு நல்லது. சத்தத்தை முழுதாக அடக்க வழியில்லாததால் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுப் பயிற்சி நடக்காது. பழைய பெட்டியை வாங்குவதில் அபாயம் அதிகம். உள்ளே ரீடுகள் எனப்படும் நாக்குகளைப் பிடித்திருக்கும் மெழுகு காய்ந்து உதிரும். கடற்கரை ஊர்களில் எஃகு நாக்குகள் துருப்பிடிக்கும். இழுக்கும்போது ஒலிப்பது ஒரு நாக்கு, தள்ளும்போது ஒலிப்பது வேறொன்று. ஆகவே ஒவ்வொரு கட்டையையும் இரு திசையிலும் வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. எந்தக் கட்டையையும் அழுத்தாதபோது துருத்தி தானாகத் தொங்கி வேகமாக விரிந்தால் காற்று கசிகிறது என்று பொருள். பழுது பார்ப்பவர் எட்டும் தூரத்தில் இல்லாத ஊரில் அக்கார்டியன் வாங்குவது அவசர முடிவு. யுகுலேலேவுக்கு இந்தத் தலைவலி இல்லை. புதுத் தந்தி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும், அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கமகம் வாசிக்க ஆசைப்படுகிறவர் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. அக்கார்டியனில் சுரம் அசையவே அசையாது. யுகுலேலேவில் தந்தியைச் சற்று இழுக்கலாம், ஆனால் அசைவு முடிவதற்குள் ஒலி தீர்ந்துவிடும். ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தடை விதித்திருந்ததற்கும், அசையாத சுரங்கள் என்ற இதே குறைதான் முக்கிய வாதமாக இருந்தது. சினிமாப் பாட்டுக்கு அந்தத் தடங்கல் இல்லை. ‘சங்கம்’ (1964) இந்திப் படத்தில் ராஜ் கபூர் திரையிலேயே அக்கார்டியனை மாட்டிக்கொண்டு வருகிறார். தமிழ்த் திரையிசையிலும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகளில் அதன் ஒலி தாராளமாகக் கேட்கிறது.

பாடுகிறவருக்கு யுகுலேலே, பாடாதவருக்கு அக்கார்டியன் என்ற கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஆர்மோனியம் வாசிப்பவருக்கு மட்டும் ‘கஷ்டம்’ என்ற எச்சரிக்கை பாதிதான் பொருந்தும். இரண்டும் காற்றில் ரீட் அதிர்ந்து ஒலிக்கும் ஒரே குடும்பம்; வலது கைக்குக் கட்டைகளின் வரிசை முன்பே தெரியும், அவை செங்குத்தாக நிற்பதுதான் புதிது. துருத்தியை மட்டும் அசைத்துப் பழகிய இடது கைக்குப் பட்டன் வேலையும் சேர்கிறது. அவர் பாடத் தெரிந்தவராகவே இருந்தாலும், யுகுலேலேவை விட்டு ஒரு சிறிய அக்கார்டியனை முதலில் தோளில் மாட்டிப் பார்ப்பது தகும்.