பர்மா தேக்கும் ரங்கூன் சேறும்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மா தேக்குத் தூணைத் தடவிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கருப் பூச்சு. 2014இல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின பிறகு இந்த 'மரபு' எழுத்து பெருகிவிட்டது. தேக்கு கப்பலேறிய ரங்கூன் எதன்மேல் நின்றது, யார் தோளில் நின்றது? அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ரங்கூன் தானா முளைத்த பட்டணம் இல்லை. 1852 போரில் பிடித்த வெள்ளைக்காரன், ஃப்ரேசர் போட்ட கட்டம் கட்டமான நகரப்படத்தை ஆற்றோரச் சதுப்பின்மேல் விரித்தான். ஓதம் ஏறினால் மூழ்குகிற சேற்றை மனையாக விற்று, அந்தக் காசிலேயே பள்ளத்தை மேடாக்கத் திட்டம். தண்ணி வந்துபோன இடம் பத்திரத்தில் 'நிலம்' ஆனது.

பட்டணத்துக்குத் தீனி போட்டது ஐராவதி டெல்டா. அங்கே கனசோ மரக்காடும் அலையாத்தியும் அழிந்து வயலாயின. வெட்டியவன் பர்மியக் குடியானவன். கடன் செட்டியார் லேவாதேவிக் கடையிலிருந்து. 1930இல் நெல்விலை சரிந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அந்த வருஷம் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில். 1938இல் 25 பங்கு. காட்டை வயலாக்கினவன் குத்தகைக்காரனா நின்னான்.

நம்ம சனம் எங்கே? மூட்டை தூக்கும் துறையில், அரிசி ஆலையில், மலக்கூடைக்கு அடியில். 1931 கணக்கில் ரங்கூன்காரர்களில் பாதிக்கு மேல் இந்தியர். உடலுழைப்புக் கூலிகளில் தெலுங்கரும் தமிழரும் ஏராளம். மாலாவும் பறையரும் அதில் உண்டு. 1930 மே மாதக் கலவரத்தில் முதலில் வெட்டுப்பட்டது துறைமுகத்துத் தெலுங்குக் கூலிதான், வட்டிக்கடைக்காரர் இல்லை.

அதே வருஷம் டிசம்பரில், சிவகங்கையும் சேர்ந்திருந்த ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடை போட்டார்கள். பொன் வெள்ளி நகை கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. அங்கே சேறு, இங்கே தடை. ரெண்டுக்கும் நடுவிலேதான் நம்ம ஆள் கப்பலேறினான். அந்தப் பயணம் எந்த மரபுப் புத்தகத்தில் இருக்கு?

வீடுகளைக் காப்பாத்தட்டும், வேண்டாம்னு சொல்லலெ. ஆனா தூணுக்கு இருக்கிற வரலாறு, அழிந்த காட்டுக்கும் சுமந்த முதுகுக்கும் இல்லையென்றால் அது வரலாறல்ல, வீட்டுக்காரர் புகழ்ச்சி. 1964க்கு அப்புறம் அகதியாய்த் திரும்பியவர்களின் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கு. கேட்டு எழுதவேண்டியது நாம்தான்.