வினாவும் விடையும்: லினக்ஸ் கருவின் தொகுப்பிச் சோதனைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

நிரலும் ஒரு நூலே; ஆகவே அதுவும் திறனாய்வுக்கு உரியது. ஒரு பெரிய நிரற்றொகுதியை இயற்றியோரின் சிந்தனைமுறையை அறியவேண்டின், பெரும்பாலும் எவரும் படிக்காத அதன் கட்டுமானப் பகுதியை நோக்குதல் வேண்டும். 1991 ஆம் ஆண்டில் லினஸ் ரோவால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கரு இதற்குத் தக்க சான்றாகும். பெரும்பாலும் 'சி' மொழியில் அமைந்த அதன் மூலநிரலை இயந்திரமொழிக்கு மாற்றுவது தொகுப்பி. ஜீசீசீ, கிளாங் என்னும் இரு தொகுப்பிகளும் அவற்றின் பல்வேறு பதிப்புகளும் இப்பணிக்குப் பயன்படுகின்றன. ஒன்றில் உள்ள வசதி மற்றொன்றில் இல்லாதிருக்கலாம். எனவே, கட்டுமானம் தொடங்குமுன் "இவ்வசதி உண்டா?" எனத் தொகுப்பியை வினவவேண்டியுள்ளது.

வினவும் முறை எளிமையானது. வெற்றுக் கோப்பொன்றையோ ஓரிரு வரிகளாலான சிறு நிரலையோ தொகுப்பியிடம் கொடுப்பர். அது பிழையின்றி முடித்தால் விடை 'உண்டு'. பிழையுடன் முடித்தால் 'இல்லை'. பதிப்பிலக்கத்தைக் கொண்டு முடிவுசெய்வதிலும் இதுவே நேரிது என்பர். புதிய வசதியைப் பழைய பதிப்பிற் சேர்த்து வழங்குவோரும் உளராதலின், இலக்கம் உண்மையை உணர்த்தாது போதலும் கூடும். கொள்கையளவில் இவ்வாதம் ஏற்புடையதே. ஆயின், இம்முறையில் இரு விடைகளும் தாம் சொல்வதுபோலத் தோன்றுவதைச் சொல்வதில்லை.

முதலில் 'உண்டு' என்பதை நோக்குவோம். கிளாங் தான் அறியாத எச்சரிக்கைத் தெரிவொன்றைக் கண்டால், அது தெரியாதென ஒரு குறிப்பை எழுதிவிட்டு வேலையை வெற்றியுடன் முடித்துவிடும். எச்சரிக்கைகளையும் பிழையாகக் கொள்ளுமாறு பணித்த பின்னரே அங்கு சோதனை பொருளுடையதாயிற்று. ஜீசீசீயோ, எச்சரிக்கையொன்றை நிறுத்தக் கோரும் தெரிவு தனக்குத் தெரியாததாயினும், வேறு குறை காணாதவிடத்து வாய்திறவாது ஏற்றுக்கொள்ளும். ஆகவே நிறுத்தும் தெரிவைச் சோதிப்பதற்கு, அதன் மறுதலையான இயக்கும் தெரிவையே வினவவேண்டியதாயிற்று.

'இல்லை' என்பது இதனினும் ஐயத்துக்குரியது. சி நிரலினுள் அசெம்பிளிக் கூற்றை எழுதி, அங்கிருந்து நிரலின் பிறிதோரிடத்துக்குத் தாவ இடமளிக்கும் வசதி 'அசெம் கோட்டூ' எனப்படும். அதன் ஒரு வடிவம் தொகுப்பியில் உண்டா என அறியும் சோதனையொன்றில் 2022 ஆம் ஆண்டில் ஒரு வழு திருத்தப்பட்டது. சோதனை நிரலின் மேற்கோளினுள் புதுவரியைக் குறிக்கும் குறியீடு ஒன்றிருந்தது. கட்டளைகளை இயக்கும் 'பாஷ்' என்னும் ஷெல் அதனை உள்ளவாறே தொகுப்பியிடம் சேர்த்தது. 'டாஷ்' என்னும் ஷெல்லோ அதனை மெய்யான புதுவரியாக மாற்றியது. மேற்கோள் இடையில் முறிய, தொகுப்பி இலக்கணப் பிழையென மறுத்தது. சோதனை இதிலிருந்து பெற்ற முடிவு, 'தொகுப்பியில் வசதி இல்லை' என்பதாம்! குறை தொகுப்பியிலன்று, கேட்கப்பட்ட வினாவிலேயே இருந்தது. தேவையற்ற அக்குறியீட்டை நீக்கியதே திருத்தம். வினா பிழைத்ததற்கும் வசதி இன்மைக்கும் வேறுபாடு காட்டாத முறையே இங்கு கண்டிக்கத்தக்கது.

2018 ஆம் ஆண்டில் வெளிவந்த 4.18 ஆம் பதிப்பில் மசாகிரோ யமாடா முன்னின்று செய்த சீர்திருத்தம் பாராட்டுக்குரியது. அதுவரை இச்சோதனைகள் மேக்பைல்களில் மறைந்து கிடந்தன. கருவை அமைப்பவர் ஒரு வசதியைத் தெரிவுசெய்வார். தொகுப்பி அதனை ஆதரிக்கவில்லை என்பது பின்னரே தெரியவரும். புதிய முறையில் தெரிவுப்பட்டியலை ஆக்கும் கேகொன்பிக் மொழியே தொகுப்பியை வினவுகின்றது. ஆதரவற்ற தெரிவு பட்டியலில் இடம்பெறாது. ஒழுங்கு பிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது: காப்புக்கான தெரிவொன்று ஓசையின்றி மறைந்துபோதல் தகுமா?

அதே ஆண்டின் 'றெற்போலைன்' நிகழ்ச்சி இதற்கு விளக்கமாகும். ஸ்பெக்ரர் என்னும் செயலிக் குறைபாட்டுக்கு எதிரான இக்காப்புக்குத் தொகுப்பியின் துணை வேண்டும். தொடக்கத்தில், துணையற்ற தொகுப்பியாயின் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டுக் கட்டுமானம் தொடர்ந்தது. அக்கருவில் கையால் எழுதப்பட்ட அசெம்பிளிப் பகுதிகளே காப்புப் பெற்றன; சி நிரலிலிருந்து தொகுக்கப்பட்ட பெரும்பகுதி பெறவில்லை. ஆண்டிறுதியில் எச்சரிக்கை பிழையாக மாற்றப்பட்டது. ஆனால் அச்சோதனை பழைய அமைப்புக் கோப்பைப் படித்தமையால், பயனர் அத்தெரிவை நீக்கிய பின்னரும் கட்டுமானம் தடைப்பட்டது. சோதனையைப் பிந்திய கட்டத்துக்கு மாற்றி அவ்வழுவும் டிசம்பரில் நீக்கப்பட்டது. கேட்ட காப்பைத் தர இயலாதெனின் வெளிப்படையாக நின்றுவிடுவதே நேர்மை என்பதை இம்முடிவு ஏற்றுக்கொண்டது. தெரிவை மறைத்துவிடும் முறையிலும் இது மேலானது.

சோதனை செவ்வனே அமைந்தாலும் அதற்கோர் எல்லையுண்டு. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில், வெளியீடுகளுடன் கூடிய 'அசெம் கோட்டூ' வடிவத்தை ஜீசீசீயின் சில பதிப்புகள் பிழைபடத் தொகுத்தமை வெளிப்பட்டது. அவ்வடிவத்துக்கான சோதனையில் அவை தேறியிருந்தன. தொகுப்பி ஏற்றுக்கொள்கின்றதா என்பதே அங்கு கேட்கப்பட்டது. சரியாகச் செய்கின்றதா என்பது கேட்கப்படவில்லை. ரோவால்ட்ஸ் மாற்றுவழி செய்தபோது, குறைபாடுடைய பதிப்புகளை இனங்காண ஒதுக்கப்பட்ட பதிப்பிலக்கமே மீண்டும் துணைக்கு வந்தது.

எனவே சோதனையா இலக்கமா என்று ஒன்றை மட்டும் வற்புறுத்துவது பயனற்றது. வசதியின் இருப்பை அறியச் சோதனையும், அறியப்பட்ட குறைபாட்டை விலக்க இலக்கமும் வேண்டும். இவற்றுடன் மூன்றாவதொன்றும் வேண்டும்: ஒவ்வொரு 'இல்லை'யும் தன் காரணத்தைக் கூறவேண்டும். தொகுப்பியின் பிழைச்செய்தியைப் புறந்தள்ளி, வெற்றி தோல்வி என்னும் ஒரு குறியை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் நீடிக்குமளவும், டாஷ் போன்ற நிகழ்ச்சிகள் வேறு உருவில் மீளவும் தோன்றும். அவற்றின் விலையைச் செலுத்துபவர் சோதனையை எழுதியவரல்லர். தம் இயந்திரம் காக்கப்பட்டுள்ளதென நம்பியிருக்கும் பயனரே.