எந்த ஊருக்கும் போகாத கப்பல்

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருக்குப்பா போவுது?" என்று கேட்டார். இரண்டு நாள் பயணம் என்றால் நடுக்கடல்வரை போய்த் திரும்பிவிடும் என்றேன். "நடுக்கடல்ல யாரு இருக்கா?"

அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது யோசித்தால், கப்பல் சுற்றுலா பற்றி நாம் நடத்திய விவாதங்களில் யாருமே கேட்காத கேள்வி அது என்று படுகிறது.

கப்பல் என்றால் நமக்கு இரண்டு கரைகள். 'அக்கரைச் சீமை' என்ற சொல்லுக்குள் பிழைப்பு, பிரிவு, கடிதம், கடன் எல்லாம் கிடக்கின்றன. சொகுசுக் கப்பலின் சொல்லாடலில் இந்த அக்கரை காணாமற்போகிறது. நீச்சல்குளம், நாடக அரங்கு, சூதாட்டக்கூடம் என்று கப்பலே ஊராகிவிடுகிறது. கடல் அதன் பின்னணித் திரை. போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமலேயே பயணம் விற்பனைக்கு வருகிறது.

பாட்டியின் அப்பா ஐம்பதுகளின் தொடக்கத்தில் தகரப்பெட்டியோடு தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, 'ரஜூலா'வில் பினாங்குக்குப் போனவர். தாம்பரத்தையும் துறைமுக வாசலையும் இணைத்த அந்த மின்ரயில் 1931-ல் வந்தது. 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று மனிதர்களைச் சுமந்தது. அதைப் புனிதப்படுத்த வேண்டாம். மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாகப் படுத்துப் போனவர்கள் காலனியத் தோட்டங்களுக்குத் தேவைப்பட்ட உழைப்பு. சுரண்டலின் கப்பல்தான் அது. ஆனால் ஏழைக்கு அதில் டிக்கெட் இருந்தது. பின்வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-ல் தீப்பிடித்து உயிர்கள் போயின. சிங்கப்பூர்ச் சேவை அதோடு முடிந்தது. அந்தமான் கப்பலை விட்டால், சாதாரண ஜனம் சென்னையிலிருந்து கடல் கடக்க வேறு வழி இல்லாமலானது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு இதே துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களின் நினைவாக எஞ்சியிருப்பது, 1969-ல் உருவாகி இன்றும் கடற்கரை ஸ்டேஷனுக்கு அருகில் கிடக்கும் பர்மா பஜார் மட்டும்தான்.

'எம்பிரஸ்' விவகாரத்தில் நாம் என்ன செய்தோம்? கப்பலில் சூதாட்டம் உண்டு என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2022 ஜூனில் புதுச்சேரி அதைக் கரை அணைய விடவில்லை. இடதும் வலதும் 'பண்பாட்டுச் சீரழிவு' என்ற ஒரே குரலில் பேசின. தோழர்களே, இது எனக்கு உவப்பாக இல்லை. ஒழுக்கத்தைக் காவல் காக்கப் போனதில் அதிகாரம் பற்றிய கேள்வி கைநழுவிப்போனது. சூதாட்ட மேசையை எடுத்துவிட்டுப் பஜனை மண்டபம் வைத்தால் அந்தக் கப்பல் நமக்குச் சம்மதமா? கடல் யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதல்லவா பிரச்சினை.

துறைமுகம் என்பதே இந்தத் திறப்பும் மூடலும்தான். 1875-ல் அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் கட்டிய சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது. நிலக்கரித் தூசு பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, 2011-ல் நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னைத் துறைமுகத்தைவிட்டு வெளியேறின. அக்கம்பக்கத்தார் மூச்சுவிட அது அவசியம்தான். ஆனால் நிலக்கரி எங்கே போனது? இன்னும் வடக்கே, எண்ணூருக்கு. கரி போன துறைமுகத்தில் 2023 ஜூனில் 17.21 கோடி ரூபாய்ச் செலவில் பன்னாட்டுச் சுற்றுலா முனையம் திறந்தார்கள். இது திட்டமிட்ட சதி என்று சொல்ல வரவில்லை. ஆனால் விளைவு ஒரே திசையில்தான் இருக்கிறது: அழுக்கு வடக்கே, காட்சி தெற்கே. துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பயணியின் பேருந்து மாமல்லபுரத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகுமே ஒழிய காசிமேட்டுப் பக்கம் திரும்பாது. தென்புறநகர்வாசியான நானும் அந்த மணல் சேர்ந்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அதே 2023 ஜூனில் 'எம்பிரஸ்' இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. 1990-ல் இராணுவ வலயத்துக்காக மக்கள் விரட்டப்பட்ட மண் காங்கேசன்துறையைச் சுற்றியுள்ளது. நிலம் முழுதாக இன்னும் திரும்பவில்லை. சொந்தக்காரர் நுழைய முடியாத மண்ணின் ஓரத்தில் சுற்றுலாப் பயணி இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார். 1974-லும் 1976-லும் கடலில் போடப்பட்ட எல்லைக்கோடு ராமேஸ்வரத்து மீனவனைச் சிறைக்கு அனுப்புகிறது. கப்பலுக்கு அது வெறும் அலை. (நம் இழுவைமடிப் படகுகளால் யாழ்ப்பாணத்து மீனவன் இழப்பதை மறைத்துவிட்டு இதைப் பேசுகிற உரிமை நமக்கில்லை.)

2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு 'குரூஸ் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. 2029-க்குள் பயணிகள் இரட்டிப்பாக வேண்டுமாம். இதை எதிர்கொள்ள 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல் போதாது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் விட்ட 150 பேர் கப்பல் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. சொந்தபந்தத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு ஏன் இலக்கு இல்லை, சென்னையிலிருந்து ஏன் அப்படி ஒன்று இல்லை? நம் கோரிக்கை இங்கிருந்து தொடங்க வேண்டும்: பொதுப் பணத்தில் கட்டிய முனையத்தில், கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில், போய்ச் சேர ஓர் ஊர் உள்ள கப்பல்.

போன வாரம் தாம்பரத்தில் ஏறிக் கடைசி ஸ்டேஷன்வரை போனேன். பெயர்ப்பலகையில் 'கடற்கரை' என்று இருக்கிறது. பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். கடல் தெரியவில்லை, நடுவில் துறைமுகம்.