பாலம் இடிந்து விழுமா?

1939-இன் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘கணிதத்தின் அடிப்படைகள்’ என்ற ஒரே தலைப்பில் இருவர் வகுப்பு நடத்தினார்கள். ஒருவர் ஆலன் டியூரிங். கணினி அறிவியலுக்கு அடித்தளமான கட்டுரையை 1936-லேயே எழுதிவிட்டவர். அப்போது அவருக்கு வயது 26. மற்றவர், அந்த ஆண்டுதான் தத்துவப் பேராசிரியராகத் தேர்வான லுட்விக் விட்கென்ஸ்டைன். தம் வகுப்பில் பாடம் சொன்ன டியூரிங், விட்கென்ஸ்டைன் வகுப்பில் மாணவர்களோடு உட்கார்ந்தார். அப்படி அவர் வந்து உட்கார்ந்ததில்தான் விட்கென்ஸ்டைனின் கற்பித்தல் முறையின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்டன என்று நினைக்கிறேன்.

விட்கென்ஸ்டைன் குறிப்பு எழுதிக்கொண்டு வருவதில்லை. மாணவர்கள் முன்னால் உட்கார்ந்து, அப்போதே யோசிப்பார். இடையில் நீண்ட மௌனம் விழும். திடீரென ஒருவரைப் பார்த்துக் கேள்வி கேட்பார். தம் தடுமாற்றத்தைத் தாமே கடிந்துகொள்வார். முடிந்த முடிவுகளை ஒப்பிக்கும் வகுப்புகளில் பழகியவர்களுக்கு, ஒரு சிந்தனை எந்த இடத்தில் சிக்குகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு இது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த நார்மன் மால்கம், தம் குறிப்புகளைப் பத்தாண்டு கழித்து மறுபடி படித்தபோதுதான் அந்த வகுப்புகள் பிடிபட்டன என்று எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் பெயர்பெற்ற தத்துவ அறிஞருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த வகுப்பின் உச்சம், முரண்பாடு பற்றிய விவாதம். ‘நான் சொல்வது பொய்’ என்று ஒருவன் சொல்கிறான். அது உண்மையென்றால் பொய், பொய்யென்றால் உண்மை. சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார் விட்கென்ஸ்டைன். கணித முறைக்குள் அப்படியொரு முரண்பாடு ஒளிந்திருந்து, அந்தக் கணக்கை நம்பிப் பாலம் கட்டினால் பாலம் இடிந்து விழலாம் என்றார் டியூரிங். விட்கென்ஸ்டைன் விடவில்லை. முரண்பாட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் வருவிக்கலாம் என்பதுதானே அச்சம். முரண்பாட்டிலிருந்து எதையும் வருவிக்காமல் இருந்துவிட்டால் போயிற்று என்றார். அதற்கு டியூரிங் சொன்ன பதில் கூர்மையானது: அப்படி விதி வைத்தாலும், முரண்பாட்டைத் தொடாமலே சுற்றுவழியில் அதே தவறான முடிவுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தர்க்கவியல் நோக்கில் டியூரிங் பக்கமே நியாயம் என்பது என் தீர்ப்பு. விட்கென்ஸ்டைன் இதற்கு நேராகப் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி வீணல்ல. முரண்பாடு கூடாது என்பதை ஒரு சட்டம்போல ஏற்றுக்கொண்டு அடுத்த தேற்றத்துக்குப் போவதே வழக்கம். தீங்கு சரியாக எந்த இடத்தில் நேர்கிறது என்று கேட்டு, டியூரிங் போன்ற ஒருவரைத் தாளில் இருக்கும் குறிகளிலிருந்து பாலம்வரை வரவழைத்தது அந்த வகுப்புதான். சாதாரணப் பாடத்திட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

எதிர்த்துப் பேச டியூரிங் இருந்தவரை இந்த முறை பலன் தந்தது. அந்தப் பலம் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? கணிதம் படிக்க டிரினிட்டி கல்லூரிக்கு வந்த பிரான்சிஸ் ஸ்கின்னர், ஆசிரியரின் செல்வாக்கில் படிப்புலகத்தையே விட்டு, கருவிகள் செய்யும் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஆலிஸ் ஆம்புரோஸ், வகுப்பில் கேட்ட கருத்துகளை ஒட்டி, கணிதத்தில் முடிவுள்ளவாதம் பற்றி 1935-இல் ‘மைண்ட்’ இதழில் கட்டுரை எழுதினார். விட்கென்ஸ்டைன் அதை வெளியிடவிடாமல் தடுக்கப் பார்த்தார். முடியாதபோது உறவையே முறித்துக்கொண்டார். மாணவியை யோசிக்கச் சொல்லிவிட்டு, யோசித்ததை அவள் எழுதியதும் தண்டிப்பதை எந்த மேதைமையாலும் நியாயப்படுத்த முடியாது. இந்தக் கடுமைக்கு முன்கதையும் உண்டு. 1920-களில் ஆஸ்திரியக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தபோது, கணக்கு வராத பிள்ளைகளை அவர் அடித்திருக்கிறார். 1926-இல் அடிபட்ட ஒரு சிறுவன் மயங்கி விழுந்ததோடு அந்த வேலை முடிவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1922-க்குப் பிறகு அவர் வெளியிட்டவை மிகச் சொற்பம்: பள்ளிப் பிள்ளைகளுக்கான அகராதி ஒன்று, 1929-இல் ஒரு சிறு கட்டுரை, அவ்வளவுதான். கட்டுரைகளை எண்ணிப் பதவி தரும் இன்றைய முறையில் அவர் பேராசிரியராகியிருக்கவே முடியாது. அவரை நம்பிப் பதவி கொடுத்த கேம்பிரிட்ஜின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஆசிரியர் அச்சுக்குக் கொடுக்காததை எழுதிவைக்கும் சுமை மாணவர்கள் தலையில் விழுந்தது. 1939 வகுப்புகளின் 31 விரிவுரைகள் இன்று நம் கையில் இருப்பது நான்கு மாணவர்களின் குறிப்பேடுகளால்தான். அவற்றை ஒப்பிட்டு 1976-இல் நூலாக்கியவர் கோரா டயமண்ட்.

ஆம்புரோஸ் 1937 முதல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் பல பத்தாண்டுகள் தத்துவம் கற்பித்தார். 1932 முதல் 1935 வரையிலான விட்கென்ஸ்டைன் வகுப்புகளைத் தம் குறிப்புகளையும் சக மாணவி மார்கரெட் மெக்டொனால்டின் குறிப்புகளையும் வைத்து 1979-இல் தொகுத்து வெளியிட்டவரும் அவரே.