‘ஜ’ வரிசையில் தெளிவத்தை ஜோசப்

மின்னூல்களை அடுக்கி வைக்கும் காலிபர் மென்பொருளில் தெளிவத்தை ஜோசப்பின் நூலைச் சேர்த்து, ஆசிரியர் பெயர்ப்படி வரிசைப்படுத்தச் சொன்னால் அவர் ‘ஜ’வில் போய் நிற்பார். மாத்தளை சோமு ‘ச’வுக்குப் போவார். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயரென்று கொண்டு முன்னால் நிறுத்துவது அதன் வழக்கம். கா. சிவத்தம்பி, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோருக்கு இதனால் நன்மையே. தலைப்பெழுத்து பின்னுக்குப் போய்விடுகிறது. ஊரையும் தோட்டத்தையும் பெயருக்கு முன் சூடிக்கொண்ட இலங்கை மலையக எழுத்தாளர்களிடம்தான் அது சறுக்குகிறது.

திருத்த வழி உண்டு. விருப்பத்தேர்வுகளின் அடியாழத்தில் ‘ட்வீக்ஸ்’ என்ற பகுதியில், பெயரைத் திருப்பாதே என்று ஒரு வரியை மாற்றலாம். ஆனால் அப்போது சிவத்தம்பி ‘கா’வுக்கு ஓடிவிடுவார். நூல்விவரப் பெட்டியில் ஆசிரியரின் வரிசைப் பெயரை ஒவ்வொன்றாகவும் திருத்தலாம். நாம் சரியாக எழுதியதும் அந்த இடம் சிவக்கிறது, பிழை நம்முடையது என்பதுபோல.

கோவிட் கோயல் 2006இல், தமது சோனி வாசிப்புக் கருவியை லினக்ஸில் பயன்படுத்த எழுதத் தொடங்கியதே காலிபர். பயனர்கள் குறை சொல்லச் சொல்ல வளர்ந்தது. நீண்ட காலம் ஏறக்குறைய வெள்ளிக்கிழமைதோறும் புதிய பதிப்பு வந்தது. காசு வாங்கும் நிறுவனங்களிடம்கூட இந்த வேகம் அரிது. கேட்டதையெல்லாம் அவர் கொடுத்துவிடவுமில்லை. நூல்களை எங்கள் விருப்பப்படியான கோப்புறைகளில் வைக்க விடுங்கள் என்பது பழைய கோரிக்கை, மறுத்தே வந்திருக்கிறார். அவர் பக்கமே நியாயம் என்பேன். ஒரே தொகுப்பு மலையகம், சிறுகதை, பாடநூல் என மூன்றிலும் அடங்கும். கோப்புறையில் ஒன்றில்தான் கிடக்கும், குறிச்சொல்லுக்கு அந்தத் தடையில்லை.

தோற்றம் அழகில்லை என்ற முறைப்பாடு அடிக்கடி எழுகிறது. அது சிறிய குறை. ஏற்றுக்கொண்ட கோரிக்கை பலவும் ஒரு தீர்மானமாக மாறாமல் இன்னொரு பொத்தானாகவோ தெரிவாகவோ மாறியதே பெரிய குறை. கேட்டவர் திருப்தியடைகிறார், புதிதாக வருபவர் திகைக்கிறார்.

கேட்பவர் யார் என்பதும் உண்டு. ஆங்கிலத்தில் முறையிடத் தெரிந்த, நூற்றுக்கணக்கில் நூல் சேர்த்தவர்களின் குரலே மேலெழும். 2022இல் வந்த ஆறாம் பதிப்பு 32 பிட் கணினிகளையும் விண்டோஸ் 8ஐயும் கைவிட்டது. கண்டிப் பக்கம் குண்டசாலையிலோ திகனையிலோ பழைய கணினியோடு இருக்கும் ஓர் ஆசிரியர் இதற்காகக் கடிதம் எழுதமாட்டார். ‘நூலகம்’ என்ற மின்னூலகத் தளத்திலிருந்து பிடிஎஃப் இறக்கி வாட்ஸ்அப்பில் மாணவருக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற மின்னூல் தளம் இந்த மௌனத்தை வேறு விதமாகப் படித்தது. வாசிப்புக் கருவிகளில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்த நாட்களில், ஈபப், மொபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு ஆறங்குலத் திரைக்கென்றே ஒரு பிடிஎஃபும் கொடுத்தது. அதில் எழுத்தைப் பெரிதாக்கி வரிகளை மடிக்க முடியாது. கண் மங்கியவருக்குச் சிரமம்தான். ஆனாலும் வாசிக்க முடிந்தது.

காலிபருக்கு இங்கிருந்து யாராவது எழுதுவதானால் விதி எளியது: தமிழில் எழுதிய பெயரின் தொடக்கத்தில் புள்ளியிட்ட தலைப்பெழுத்து இருந்தால் அதைப் பின்னுக்குத் தள்ளு, இல்லையேல் பெயரைத் தொடாதே. லியோ டோல்ஸ்டோய் அப்போது ‘ல’வில் நிற்பார். எனக்கு ஆட்சேபணை இல்லை.