சிலப்பதிகாரத்தில் ஊழும் செங்கோலும்

கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் ஊழோ, பாண்டியன் நெடுஞ்செழியனோ என்னும் வினாச் சிலப்பதிகாரம் பயில்வார்பால் நெடுங்காலமாக நிகழ்வது. ஊழே எனின் அரசன்மேற் குற்றமில்லை. அரசனே எனின் ஊழின் வலியை உணர்த்தலும் இந்நூற்பயன் என இளங்கோவடிகள் பதிகத்துட் கூறியது பழுதாம்.

பழவினை முதிர்ந்த காலமாதலின் அரசன் ஆராயாது ஏவினான் என்பது கொலைக்களக் காதை. இதுபற்றி, கொல்லுதற்குக் கொணர்க என எண்ணியவன் நாத்தவறிக் கொன்று கொணர்க என்றான் என அமைதி கூறுவாரும் உளர். அது பொருந்தாது. நாத்தவறியது மெய்யேயாயினும், பொற்கொல்லன் ஒருவன் சொல்லையே சான்றாகக் கொண்டு, கள்வனெனப்பட்டான் முகத்தையும் காணாது, ஊடிய தேவியின் கோயில் நோக்கி விரைந்த கால்களும் தவறினவல்லவோ?

இனி, அவ்வூழ்தான் யாது? கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் அதனை விரிக்கின்றது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரசன்பாற் பணிபுரிந்த பரதன், கபிலபுரத்து வணிகன் சங்கமனைப் பகைவர் ஒற்றன் எனப் பிடித்து அரசனுக்குக் காட்டிக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி சாபமிட்டு உயிர் நீத்தாள். அப்பரதனே கோவலன். நோக்குக: ஆண்டும் ஒரு பொய்க்குற்றம், ஆண்டும் ஆராயாத ஓர் அரசவை. ஊழ் அரசியலுக்குப் புறம்பே நின்று வந்ததன்று. முன்னொரு கோல் கோடியதன் விளைவே அது.

சோபோகிளிசு என்னும் யவனப் புலவர் பாடிய ஈடிப்பசு நாடகத்தில், தந்தையைக் கொல்வான் என்னும் விதி அவன் பிறக்குமுன்னரே தெய்வவாக்காய் வந்தது. அவன் செய்த எவ்வினையால் வந்ததென்பது ஆண்டுக் கூறப்படவில்லை. அவ்வரசன் ஆராய்ந்து கெட்டான். பாண்டியன் ஆராயாது கெட்டான்.

வினை சடம், செய்தானை அறிந்து பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது சித்தாந்தம். கோவலனுக்கு அவ்வாளேறு பிராரத்தம். வாளை ஏவிய பாண்டியனுக்கோ ஆகாமியம். அடிகள் இந்நெறி நின்று பாடினார் என்பது கருத்தன்று. மெய்கண்டார் காலத்தால் மிகப் பிற்பட்டவர். எனினும் முடிச்சு அவிழ்வது இதனாலேயாம்.

சேக்கிழார் காட்டும் மனுநீதிச் சோழன், அமைச்சர் கழுவாய் கூறவும் கொள்ளாது மகன்மேல் தேரூர்ந்தான். அவ்வரலாற்றையே கண்ணகி வழக்குரைக்குங்கால் தன் ஊர்ப்பெருமையாக எடுத்தோதினாள். கேட்ட பாண்டியன் ஊழைச் சாற்றித் தப்ப முயன்றிலன். மணிப்பரல் கண்டதும் தானே கள்வன் என்று வீழ்ந்தான். பரதன் கதையைத் தெய்வம் உரைத்தது அதன் பின்னர், கண்ணகிக்கே; பாண்டியன் அதனைக் கேளாமலே இறந்தான்.