ஒரே சதுக்கத்தில் அரை நாள்

பியூனஸ் அயர்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்த்துவிடுகிறார்கள். அர்ஜென்டினாவின் தலைநகரை அப்படிப் பார்த்தால் வெள்ளைக் கட்டடங்களும் சிலைகளும்தான் மனத்தில் மிஞ்சும். பிளாசா தெ மாயோ என்னும் மையச் சதுக்கத்துக்கு மட்டும் அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். முடிந்தால் அது வியாழக்கிழமையாக இருக்கட்டும்.

மேற்குப் பக்கம் உள்ள கபில்தோவில் தொடங்கலாம். ஸ்பானிய ஆட்சிக்கால நகர மன்றம் அது. 1810 மே மாதம் ஸ்பெயின் அரசப் பிரதிநிதியின் பதவியைப் பறித்த கூட்டம் இங்கேதான் நடந்தது. தரைத்தள வளைவுகளை எண்ணிப் பாருங்கள், ஐந்து இருக்கும். ஒரு காலத்தில் பதினொன்று இருந்தன. அவெனிதா தெ மாயோ சாலை போடுவதற்காக ஒரு பக்கம் மூன்றை இடித்தார்கள். 1931-இல் இன்னொரு சாலைக்காக மறுபக்கம் மூன்றை இடித்தார்கள். நாட்டின் விடுதலை தொடங்கிய கட்டடத்துக்கே அந்தக் கதி. இருபுறச் சாலைகளிலும் நின்று, இல்லாத வளைவுகள் எதுவரை நீண்டிருக்கும் என்று கண்ணால் அளந்து பாருங்கள். பிறகு கட்டடமே வேறாகத் தெரியும்.

எதிரே இளஞ்சிவப்பு நிறத்தில் ஜனாதிபதி மாளிகை, கசா ரொசாதா. ஜனாதிபதி பெரோனின் மனைவி எவா பெரோன் மக்களிடம் பேசிய மாடத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே பக்கத்தில் உள்ள பொருளாதார அமைச்சகத்தின் சுவருக்கும் போங்கள். கல்லில் அங்கங்கே பெயர்ந்த குழிகள் தெரியும். 1955 ஜூன் 16 அன்று, ஜனாதிபதி பெரோனைக் கொல்வதற்காக அவருடைய கடற்படையின் விமானங்களே இந்தச் சதுக்கத்தில் குண்டு போட்டன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வடுக்களைப் பூசி மறைக்காமல் விட்டுவைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

நடுவில் நிற்கும் மே பிரமிட், 1811-இல் எழுப்பிய சிறிய நினைவுத் தூண். உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதைச் சுற்றித் தரையில் வரையப்பட்டிருக்கும் வெள்ளைத் தலைமுண்டுகள், தாய்மார்களின் போராட்டச் சின்னம். 1977-இல், ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார்கள் இங்கே வந்து நின்றார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். அவர்கள் இரண்டிரண்டு பேராகத் தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடை இன்னும் நிற்கவில்லை. வியாழன் பிற்பகல் மூன்றரை மணிக்குப் போனால் பார்க்கலாம். தாய்மார்களை ஒன்றுதிரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோரையும் அதே ஆண்டு கடத்திக் கொன்றார்கள். அவருடைய உடல் எச்சம் 2005-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அஸ்தி இந்தத் தூணின் அடியிலேயே புதைக்கப்பட்டிருக்கிறது. இது தெரிந்து அங்கே நிற்பது வேறு, தெரியாமல் படம் எடுத்துக்கொண்டு போவது வேறு. ஊர்வலம் நடக்கும்போது கேமராவை நீட்டிக்கொண்டு குறுக்கே போகாமல், ஓரமாக அவர்களோடு சேர்ந்து நடந்து போங்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

மீதி நேரத்துக்கு அவெனிதா தெ மாயோவில் மேற்கே நடந்தால் போதும். 1858-இல் தொடங்கிய கஃபே தொர்த்தோனி வழியில் இருக்கிறது. வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடலாம். ஒபெலிஸ்கோ தூணைப் பார்க்கச் சாலையை விட்டுக் கொஞ்ச தூரம் விலகிப் போக வேண்டும். 1936-இல் எழுப்பிய அந்த 67 மீட்டர் தூணை மூன்றே ஆண்டில் இடித்துவிடத் தீர்மானம் போட்டது நகர மன்றம். ஆனால் தூண் தப்பிவிட்டது. இன்று கால்பந்தில் நாடு ஜெயித்தால் ஊரே அங்கேதான் திரள்கிறது.

அவெனிதா தெ மாயோவில் தவறவிடக் கூடாதது பலாசியோ பரோலோ. இத்தாலியக் கட்டடக் கலைஞர் மாரியோ பலாந்தி, தாந்தேயின் ‘தெய்வீக நகைச்சுவை’ காவியத்தையே கட்டடமாக்க நினைத்தார். கீழ்த்தளம் நரகம், நடு மாடிகள் கழுவாய் உலகம், உச்சி சொர்க்கம். காவியத்தின் 100 காண்டங்களுக்கு 100 மீட்டர் உயரம். 1923-இல் திறந்த இந்தக் கட்டடத்தில் இன்றும் அலுவலகங்கள் இயங்குகின்றன. வழிகாட்டியோடு செல்லும் குழுவில் சேர்ந்து உச்சியில் உள்ள விளக்குக் கூண்டு வரை ஏறிவிடுங்கள். இதே பலாந்தி கட்டிய பலாசியோ சால்வோ, ஆற்றுக்கு அக்கரையில் உருகுவேயின் தலைநகர் மொந்தேவிதேயோவில் நிற்கிறது. கப்பலில் அங்கே போகிற எண்ணம் இருந்தால், பரோலோவை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.